ஒரு குரலும் மூன்று மேடைகளும்

ஒரு சமுதாயத்தின் வரலாற்றை ஏடுகளிலும் கல்வெட்டுகளிலும் தேடுவோர் பலர். அது பாடிய பாட்டுகளிலே தேடுவோர் மிகச் சிலர். தமிழ் முஸ்லிம்களின் அண்மைக்கால வரலாற்றை எழுதப் புகும் எவரும் ஒரு குரலை ஒதுக்கிவிட்டு எழுத இயலாது. 1925-இல் பிறந்து, 2015 ஏப்ரல் 8-ஆம் நாள் வஃபாத்தான இசைமுரசு நாகூர் இ.எம். ஹனிபா அவர்களின் குரலே அது. நோன்புக் காலத்திலும், மீலாது விழாப் பந்தலிலும், மணவீட்டு முற்றத்திலும் அக்குரலைக் கேளாது வளர்ந்த தமிழ் முஸ்லிம் குடும்பத்தைக் காண்பது அரிது.

அன்னாரைப் பற்றிய புகழுரைகள் நம்மிடையே நிரம்ப உண்டு, திறனாய்வுதான் இல்லை. மறைந்த பெருமகனாரின் கலையை ஆராய்வது அவரைக் குறைத்துப் பேசுவதாகாது. ஆராயத் தகுதியற்றதை எவரும் ஆராய்வதில்லை. கருவியிசை ஆகுமா, ஆகாதா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அத்தீர்ப்பு இக்கட்டுரையின் எல்லைக்குள் வருவதன்று. நாம் கேட்க விழைவது வேறொரு கேள்வி. இறைப்பாட்டு மேடை, கட்சி மேடை, திரைப்படம் ஆகிய மூன்றிலும் ஒரே குரல் ஒலித்தது. மூன்றிலும் கேட்டவர்கள் ஒரே மனிதரைத்தான் கேட்டார்களா?

மரபின் வழியே வந்த குரல்

ஹனிபா அவர்கள் வெற்றிடத்திலே தோன்றியவர் அல்லர். மாப்பிள்ளை ஊர்வலத்திலே பைத்து பாடும் மரபு கடற்கரை ஊர்களில் நெடுங்காலமாக இருந்து வந்தது. அதில் பாடிப் பழகிய குரல் அவருடையது. அதற்கும் பின்னே சென்றால் பதினேழாம் நூற்றாண்டில் சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரும், திருப்புகழின் சந்தத்திலே நாயகம் (ஸல்) அவர்களைப் பாடிய காயல்பட்டினத்துக் காசிம் புலவரும், தாயுமானவரின் பராபரக்கண்ணியைப் போலத் தாமும் ஒரு பராபரக்கண்ணி யாத்த குணங்குடி மஸ்தான் சாகிபும் நிற்கின்றனர்.

இவற்றை நாம் எண்ணிப் பார்க்கக் காரணம் உண்டு. “திரைப்பட மெட்டிலே இறைப்பாட்டா?” என்று முகம் சுளிப்போர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். அவர்கள் காசிம் புலவரை மறந்துவிட்டனர். மண்ணில் வழங்கும் சந்தத்தை எடுத்து அதிலே தம் ஈமானைப் பாடுவது நம் முன்னோரின் வழக்கம். கடன் வாங்கியது இழுக்கன்று. வாங்கிய சந்தத்திற்கு ஈடான சொல்லை இட்டாரா என்பதே திறனாய்வாளன் கேட்கத் தக்கது. அவ்வாறு கேட்டால், இசைமுரசு பாடியவற்றுள் சில சந்தத்திற்குக் கடன்பட்டே நின்றுவிட்டன என்பதையும், பல அதனை வென்று தமக்கே உரியதாக்கிக் கொண்டன என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

தறியும் மேடையும்

முசரவாக்கத்திலிருந்து இதனை எழுதும் நமக்குக் காஞ்சிபுரம் அண்மையூர். அறிஞர் அண்ணா 1909-இல் பிறந்த ஊர் அது. கோயிலாலும் பட்டாலும் பெயர் பெற்ற ஊர். தறிக்குழியில் அமர்ந்தவருக்குக் கால் மிதியில் இருக்கும். கை நாடாவில் இருக்கும். கண் பாவில் இருக்கும். காது ஒன்றே ஓய்வாக இருக்கும். ஆகவே, நெசவாளர் வாழும் ஊர்களிலே ஏடு சென்று சேராத இடத்திற்கும் ஒலிபெருக்கி சென்று சேர்ந்ததில் வியப்பில்லை.

1949-இல் தோன்றிய திராவிட முன்னேற்றக் கழகம் இதனை நன்கு உணர்ந்திருந்தது. வானொலியோ மைய அரசின் கையில் இருந்தது. கழகத்திற்கு இருந்தவை பத்திரிகை, நாடகம், திரைப்படம், மேடை, பாட்டு ஆகியவையே. 1953-இல் கைத்தறியாளரின் துயர் துடைக்கக் கழகத்தார் துணிகளைத் தாமே சுமந்து தெருத்தெருவாக விற்றனர். அதே ஆண்டு ஜூலைத் திங்களில் டால்மியாபுரத்தின் பெயரை மாற்றக் கோரிக் கல்லக்குடிப் போராட்டம் நடந்தது. அப்போராட்டத்தை ஊர்தோறும் கொண்டு சேர்த்தவற்றுள் ‘கல்லக்குடி கொண்ட கருணாநிதி வாழ்கவே’ என்னும் பாட்டுக்குத் தனியிடம் உண்டு. ‘அழைக்கின்றார் அண்ணா’, ‘ஓடி வருகிறான் உதயசூரியன்’ ஆகியவையும் அவ்வரிசையின. 1957-இல் சட்டமன்றத்தில் 15 இடங்கள், 1962-இல் 50 இடங்கள், 1967-இல் ஆட்சி எனக் கழகம் வளர்ந்தது. 1962-இல் காஞ்சியிலே அண்ணாவே தோல்வியுற்றார். ஆயினும் பாட்டு ஓயவில்லை.

1967-இல் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாகிப் அவர்களின் முஸ்லிம் லீக் கழகத்தோடு தேர்தல் உடன்பாடு கண்டது. அரசியல் நூல்கள் அதனையே தொடக்கமாகக் கொள்ளும். ஆனால், தலைவர்கள் கூடி முடிவெடுப்பதற்குப் பல்லாண்டு முன்னரே அந்த உடன்பாடு பாட்டிலே நிகழ்ந்துவிட்டது. நேற்று மீலாது மேடையில் நாயகப் புகழ் பாடிய குரலே இன்று கட்சி மேடையில் தமிழ்ப் புகழ் பாடியது. கேட்ட மக்கள் அதனை முரண்பாடாகக் கொள்ளவில்லை. முஸ்லிமாக இருப்பதும் தமிழராக இருப்பதும் ஒருவரிடமே இயல்பாகப் பொருந்தும் என்பதை நூறு சொற்பொழிவுகள் மெய்ப்பித்திருக்கலாம். அக்குரலோ மெய்ப்பிக்க வேண்டிய தேவையையே இல்லாமல் செய்தது.

திரையிலே தனித்து ஒலித்த குரல்

இனித் திரைப்படத்திற்கு வருவோம். 1961-இல் வெளிவந்த ‘பாவமன்னிப்பு’ படத்தில் சிவாஜி கணேசன் ரஹீம் என்னும் முஸ்லிம் இளைஞராக நடித்தார். அதில் ‘எல்லோரும் கொண்டாடுவோம்’ பாட்டை டி.எம். சௌந்தரராஜனோடு ஹனிபா அவர்களும் பாடினார். பின்னர் ‘செம்பருத்தி’ (1992), ‘ராமன் அப்துல்லா’ (1997) ஆகிய படங்களில் இளையராஜாவின் இசையில் பாடினார். திரைப்படத்தில் அவர் பாடியவை மிகச் சில. அவற்றிலும் பெரும்பாலும் முஸ்லிம் பாத்திரம், முஸ்லிம் விழா, சமய நல்லிணக்கம் ஆகியவற்றில் ஒன்று தேவைப்பட்டபோதே அக்குரல் அழைக்கப்பட்டது.

இங்கேதான் நாம் கேட்ட கேள்விக்கு விடை இருக்கிறது. கட்சி மேடையில் அக்குரல் ‘தமிழன்’ என்றே கேட்கப்பட்டது. சமயம் அதற்கு அடையாளமாகவில்லை. திரையிலோ அதே குரல் ‘முஸ்லிம்’ என்பதற்கு முத்திரையாயிற்று. சௌந்தரராஜன் எந்தப் பாத்திரத்திற்கும் பாடலாம். காதலனுக்கும் உழவனுக்கும் முருகனடியாருக்கும் பாடினார். ஹனிபா அவர்கள் காதலனுக்குப் பாட அழைக்கப்படவில்லை. அவர் நாடவில்லை என்று சிலர் சொல்லக்கூடும். அது உண்மையாகவே இருந்தாலும், தமிழ்த் திரையுலகு அக்குரலை எங்கே வைத்துப் பார்த்தது என்பது மாறிவிடாது.

கட்சி மேடையும் இக்குறையினின்று முற்றும் நீங்கியதன்று. கழகம் அவரை மறக்கவில்லை. 1986-இல் கலைக்கப்பட்ட சட்டமேலவையில் அவர் உறுப்பினராக இருந்தார். வக்ஃபு வாரியத் தலைவராகவும் பணியாற்றினார். கலைஞர் கருணாநிதிக்கும் அவருக்கும் இளமை தொட்டு இருந்த நட்பு நாடறிந்தது. எனினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். தமிழுக்காகப் பாடிய குரலுக்குக் கிடைத்த பொறுப்புகளுள் பெரிதாகப் பேசப்படுவது முஸ்லிம்களுக்கென அமைந்த வாரியத்தின் தலைமை. பாடும்போது தமிழர், பதவி பங்கிடும்போது சிறுபான்மையினர். இது ஒரு கட்சியின் குற்றம் என்று நாம் சொல்லவில்லை. நம் நாட்டு அரசியலின் கணக்கு அவ்வாறு அமைந்திருக்கிறது. பாட்டு இணைத்ததைக் கணக்கு பிரித்தது.

வாயிற்பாட்டும் வீட்டுப்பாட்டும்

மூன்று மேடைகளையும் தாண்டி நிற்பது ‘இறைவனிடம் கையேந்துங்கள்’. தமிழ் வழங்கும் இடமெல்லாம், சமயம் பாராமல், அப்பாட்டு கேட்கப்படுகிறது. அதன் வெற்றிக்கு முதற்காரணம் தலைப்பிலேயே உள்ளது. ‘இறைவன்’ என்பது பழந்தமிழ்ச் சொல். ஏந்துகின்ற கை துஆக் கேட்கும் முஸ்லிமின் கை. ஆனால் கையேந்துதல் எல்லா மாந்தர்க்கும் பொதுவான செயல். வணக்க முறை நம்முடையதாகவும் சொல் அனைவருடையதாகவும் இருப்பதால், கேட்பவர் எவரும் அதனுள்ளே புகுந்து நிற்க முடிகிறது. கொள்கையை ஒளிக்காமலும், எவரையும் விலக்காமலும் ஒரு பாட்டு அமைவது அரிய கலை.

இதனை வாயிற்பாட்டு எனலாம். வாயிலைத் திறந்து அயலாரை வரவேற்கும் பாட்டு. நமக்கு வீட்டுப்பாட்டும் உண்டு. ‘பாத்திமா வாழ்ந்த முறை உனக்குத் தெரியுமா’ என்பது அவ்வகையது. அது அயலாரை நோக்கிப் பாடவில்லை. நம் வீட்டுப் பெண்மக்களை நோக்கியே பாடுகிறது. அதனை எல்லாரும் கொண்டாட வேண்டும் என்று எதிர்பார்ப்பது பொருந்தாது. அறிவுரையைப் பெண்ணுக்கே சொல்லி ஆணை விட்டுவிடுகிறதே என்று இன்றைய நம் மகளிர் கேட்டால், அக்கேள்வியும் நியாயமானதே. வீட்டுப்பாட்டை வீட்டார்தாம் சீர்தூக்க வேண்டும்.

ஆனால் நாம் செய்வது என்ன? மாற்றுச் சமயத்தார் போற்றிய பாட்டையே நம் பெருமையாக எடுத்துக் காட்டுகிறோம். அவர்கள் கேளாதவற்றை நாமும் மறக்கத் தொடங்கிவிட்டோம். பிறர் பாராட்டே அளவுகோலாகிவிட்டால், ஒரு சமுதாயம் தன்னோடு தான் பேசிக்கொள்ளும் மொழியை இழந்துவிடும். நல்லிணக்கத்திற்காக மட்டுமே வைத்துக்கொள்ளப்படும் பாட்டு விருந்தினருக்காக மட்டும் திறக்கப்படும் அறையைப் போன்றது. வீட்டார் அதில் வாழ்வதில்லை.

நாடா எறிந்த கைகள்

காஞ்சிப் பட்டின் தனிச்சிறப்பு கோர்வை. உடலுக்கு ஒரு நாடாவும் கரைகளுக்கு வேறு நாடாக்களும் ஓட, நெய்யும்போதே உடலும் கரையும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்கின்றன. தைத்துச் சேர்த்ததன்று, ஆதலால் எளிதில் பிரிவதும் இல்லை. தமிழும் இஸ்லாமும் நம் பாட்டிலே சேர்ந்தது இவ்வாறுதான். ஆனால் கோர்வை நெய்ய ஒருவர் போதாது. பக்கத்தில் அமர்ந்து நாடாவை எறிந்து கொடுக்க இன்னொருவர் வேண்டும். சேலையை வாங்குவோர் அவரை அறிவதில்லை.

‘இறைவனிடம் கையேந்துங்கள்’ பாட்டை எழுதியவர் கிளியனூர் அப்துல் ஸலாம். புலவர் ஆபிதீன், நாகூர் சலீம் முதலியோரின் சொற்களும் அதே குரலில்தான் நம்மை வந்தடைந்தன. இப்பெயர்களை நம் இல்லங்களில் எத்தனை பேர் அறிவர்? வங்காளத்தைப் பாருங்கள். காஜி நஸ்ருல் இஸ்லாம் எழுதிய இஸ்லாமியப் பாடல்களை 1930-களில் அப்பாசுத்தீன் அகமது இசைத்தட்டில் பாடினார். நஸ்ருல் சியாமா சங்கீதமும் எழுதியவர். அங்கே பாடகரைப் போற்றியவர்கள் கவிஞரை மறக்கவில்லை. அப்பாட்டுகள் இன்றும் கவிஞரின் பெயராலேயே வழங்குகின்றன. இங்கே எல்லாம் ‘ஹனிபா பாட்டு’ ஆகிவிட்டன. குரலை மட்டும் நினைவில் கொண்டு சொல்லை எழுதியவரை மறந்தால், அப்பாட்டுகளை இலக்கியமாகக் கருதும் வாய்ப்பையே இழக்கிறோம். பாடநூலிலும் இலக்கிய வரலாற்றிலும் அவற்றுக்கு இடம் இல்லாமைக்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறோம்.

இன்றைய தலைமுறையின் செவியும் மாறிவிட்டது. இசைத்தட்டும் ஒலிநாடாவும் போய்க் கைப்பேசி வந்தது. அரபு நஷீதுகளும் உருதுப் பாட்டுகளும் தமிழ்ப் பிள்ளைகளின் செவிக்கு எளிதில் எட்டுகின்றன. அவை அழகியவையே, கேட்கட்டும். ஆனால் பொருள் விளங்காமல் உருகுவதற்கும், தன் தாய்மொழியில் தன் இறைவனை அழைப்பதற்கும் வேறுபாடு உண்டு. தமிழில் அழைக்கும் பாட்டு புதிதாகப் பிறவாவிட்டால், பழையதை ஆண்டுதோறும் ஒலிபரப்புவது நினைவு நாளாகுமேயன்றி வாழ்வாகாது.

ஆகவே, நம் இல்லங்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய இசைத்தட்டும் பாட்டுப் புத்தகமும் எங்கேனும் பரணில் கிடந்தால் எடுத்துத் தூசி தட்டுங்கள். எழுதியவர் பெயர், மெட்டமைத்தவர் பெயர், ஆண்டு ஆகியவற்றைப் பிள்ளைகளைக் கொண்டு ஒரு குறிப்பேட்டில் எழுதச் செய்யுங்கள். மீலாது மேடையிலே பாடுவோர், பாட்டுக்கு முன் கவிஞரின் பெயரைச் சொல்லுவதை மரபாக்கிக்கொள்ளட்டும். எழுதும் ஆற்றலுள்ள இளைஞரும் இளநங்கையரும் வாயிற்பாட்டோடு வீட்டுப்பாட்டும் எழுதட்டும்.

மர்ஹூம் இசைமுரசு அவர்களின் மஃபிரத்துக்காக நாம் துஆச் செய்வோம். அக்குரலுக்குச் சொல் தந்து பெயரின்றி மறைந்த கவிஞர்களுக்காகவும் அதே துஆவில் கையேந்துவோம்.