தூரிகை மீட்ட மீன்கள்

இத்தாலியின் சிசிலித் தீவில், சியாகுல்லியின் மாண்டரின் ஆரஞ்சுத் தோப்புகளைத் தாண்டிப் பலெர்மோ நகருக்குள் வந்தால், பல்கலைக்கழகத்தின் தோடர்லைன் விலங்கியல் அருங்காட்சியகத்தைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். 1862இல் இங்கே பேராசிரியராக வந்த பியெத்ரோ தோடர்லைன் சேர்த்த மத்தியதரைக்கடல் மீன்கள் அங்கே பாடம் செய்து வைக்கப்பட்டிருக்கின்றன.

மீனைவிடப் பறவையைப் பாடம் செய்வது எளிது என்பேன்; இறகின் நிறம் நிலைக்கும். மீனோ செத்த கொஞ்ச நேரத்திலேயே வெளிறிவிடும். தோலை உரித்து, சதை நீக்கி, உள்ளே அடைத்து, துடுப்புகளை விரித்து அட்டையோடு பிடித்துக் காயவைத்து, கண்ணாடிக் கண் பொருத்திய பிறகும் நிறம் தூரிகையால்தான் வரவேண்டும். உயிருள்ள மீனை உற்றுப் பார்த்த கைக்கே அது வாய்க்கும். அந்தக் கையை வணங்கத் தோன்றுகிறது.

பாடம் செய்த பழைய மீனை வீட்டுச் சுவரில் மாட்டுபவர்கள் வெயிலும் ஈரமும் படாமல் வையுங்கள். 19ஆம் நூற்றாண்டில் பூச்சி அரிக்காதிருக்கத் தோலில் ஆர்சனிக் பூசுவது வழக்கம்; அதனால் வெறுங்கையால் தடவாதீர்கள்.