ஆங்கிலத் துணைத்தலைப்பில் மறையும் மரியாதை: தமிழகத்தில் கொரியத் திரைப்படத் திரையிடல்கள் குறித்து

கொரியத் திரைப்படங்களுக்குத் தமிழகத்தில் முறையான மேடை அமைந்தது பெரும்பாலும் சென்னையில்தான். 2006இல் அங்குத் தொடங்கப்பட்ட இன்கோ மையத்தின் திரையிடல்களும், இந்தோ சினி அப்ரிசியேஷன் அமைப்பு நடத்திவரும் சென்னைப் பன்னாட்டுத் திரைப்பட விழாவும் இதில் குறிப்பிடத்தக்கவை. இங்குத் திரையிடப்படும் அயல்மொழிப் படங்கள் பெரும்பாலும் ஆங்கிலத் துணைத்தலைப்புகளுடனேயே வருகின்றன. இதனை நாம் இயல்பானதாக ஏற்றுக்கொண்டுவிட்டோம். அந்த ஏற்பு கேள்விக்குரியது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

போங் ஜூன்-ஹோவின் 'பாரசைட்' (2019) படத்தைச் சான்றாகக் கொள்ளலாம். 2020இல் அப்படம் ஆஸ்கர் விருதுகள் பெற்றபோது, 'மின்சாரக் கண்ணா' (1999) படத்தின் கதையைத் தழுவியதா என்ற விவாதமே தமிழில் முன்னின்றது. ஒரு குடும்பம் வேற்று அடையாளத்துடன் ஒரு வீட்டில் பணிக்குச் சேர்வது இரண்டிலும் உண்டு. ஆனால் தமிழ்ப்படத்தில் அவ்வாறு சேர்வோர் செல்வர்கள், காதலுக்காக வேடமிடுபவர்கள். கொரியப் படத்தில் வறுமையே வேடமிடச் செய்கிறது. கதைச்சுருக்கத்தை மட்டும் ஒப்பிடும் திறனாய்வு இந்த வேறுபாட்டைத் தவறவிடுகிறது.

அப்படத்தின் வர்க்க முரண் கதையில் மட்டுமன்றி வினைமுற்றின் ஈற்றிலும் இயங்குகிறது. கொரிய மொழியில் கேட்போரின் வயது, பதவி, நெருக்கம் ஆகியவற்றுக்கேற்ப வினையின் முடிவு மாறும். கிம் குடும்பத்தினர் தம் அடித்தள வீட்டில் ஒருவிதமாகவும், பார்க் குடும்பத்தின் மாளிகையில் வேறுவிதமாகவும் பேசுகின்றனர். ஆங்கிலத்தில் இரண்டிடத்தும் 'யூ' ஒன்றே. வேலையிழந்த பணிப்பெண் மூன்-குவாங், தனக்குப் பின் அவ்வேலையைப் பெற்ற சுங்-சூக்கை மூத்த சகோதரி என அழைத்துக் கெஞ்சுகிறாள்; நிலைமை தலைகீழானதும் சுங்-சூக் அதே உறவைச் சொல்லிக் கெஞ்ச, வசை கிடைக்கிறது. துணைத்தலைப்பில் இது 'சிஸ்' என்றே வருவதால் மூத்தவள் யார், இளையவள் யார் என்பது விளங்குவதில்லை. தமிழில் அக்கா, தங்கச்சி எனும் இரு சொற்கள் போதும்.

துணைத்தலைப்பை எழுதிய டார்சி பாக்கெட்டைக் குறைகூறுவது நோக்கமன்று. சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தை 'ஆக்ஸ்ஃபோர்டு' எனவும், இருவகை நூடுல்ஸ் கலந்த 'ச்சாபகுரி'யை 'ராம்-டான்' எனவும் அவர் மாற்றியது ஆங்கிலப் பார்வையாளருக்காக. அவ்வரிசையில் ஓமலூர்ப் பார்வையாளர் ஒருபோதும் கணக்கில் இல்லை.

இங்கு வட்டாரத் தமிழ் ஒரு வாய்ப்பைத் தருகிறது. கொரியத்தில் 'யோ' எனும் மரியாதை ஈறு வினையோடு நில்லாமல் தனிச்சொற்களிலும் ஒட்டும்: 'வே' என்றால் ஏன், 'வேயோ' என்றால் 'ஏனுங்க'. ஆமாங்க, இல்லீங்க, நானுங்களா எனச் சேலம், நாமக்கல் பகுதியில் 'ங்க' செய்யும் பணியும் இதுவே. வீட்டில் ஒரு கொரியத் தொடர் ஓடியபோது, ஆங்கிலம் அறியாத என் தாயார் யார் யாருக்குப் பணிந்து பேசுகிறார் என்பதை அந்த ஈற்றைக் கேட்டே கூறினார். துணைத்தலைப்பைப் படித்துக்கொண்டிருந்த நான் அதனைக் கவனிக்கவில்லை.

இவ்வொப்புமையிலிருந்து மொழிக்குடும்ப உறவுக்குத் தாவ வேண்டியதில்லை. ஹல்பர்ட் 1905இல் கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு எழுதியது முதல், அம்மா, அப்பா எனும் சொற்களைக் கொண்டு உறவு நாட்டும் ஆர்வம் தொடர்கிறது; மொழியியலாளர் அதனை ஏற்கவில்லை. நாம் கருதுவது பயன்பாட்டு ஒப்புமையை மட்டுமே. தமிழறியாத எல்லிஸ் டங்கனை இயக்குநராக்கிச் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 'மந்திரி குமாரி' (1950) எடுத்த நிலப்பகுதிக்கு மொழி கடப்பது புதிதுமன்று.

எனினும் தமிழ்த் துணைத்தலைப்புக்கும் ஓர் இடர் உண்டு. கொரிய ஒருமைப் பேச்சு பெரும்பாலும் வயதையும் பதவியையும் நெருக்கத்தையும் சார்ந்தது. நம் பகுதியில் முதியவரான பண்ணையாளை நிலவுடைமையாளர் வீட்டுச் சிறுவன் 'வாடா' என்றழைத்த வரலாறு சாதியைச் சார்ந்தது. பார்க் வீட்டாரின் பேச்சைத் தமிழாக்குபவர் 'நீ' என எழுதினால் படத்தில் இல்லாத சாதி உள்ளே வரும். 'நீங்கள்' என எழுதினால் படத்தில் உள்ள இகழ்ச்சி குறையும். காட்சிதோறும் தனித்தனியே முடிவெடுக்க வேண்டிய சிக்கல் இது. விழாத் திரையிடலுக்கு இரு நாள் முன்பு படப்பிரதி கையில் கிடைத்தால் செய்துமுடிக்கக் கூடியதன்று.