பெயரன்: அகப்பாடல்களில் பாட்டனின் இடம்

'பேரன்' என்னும் வழக்குச்சொல் 'பெயரன்' என்பதன் மரூஉ. பாட்டனின் பெயரைத் தாங்கியவன் என்பது அதன் பொருள். சங்க அகப்பாடல்களில் இச்சொல் வருவதைக் கொண்டு, பாட்டனுக்கும் பேரனுக்கும் இடையிலான பாசத்திற்குப் பழஞ்சான்று கூறுவது எளிது. ஆயின் பாடல்கள் அப்பாசத்தைப் பாடவில்லை.

அகத்திணை மாந்தரை இயற்பெயரால் சுட்டலாகாது என்பது தொல்காப்பியம் வகுத்த மரபு. கூற்று நிகழ்த்துவோராகச் செய்யுளியல் கூறுவோருள்ளும் பாட்டன் இல்லை. பேசவும் பெயர் சுட்டப்படவும் இடமற்ற அவன், பேரனைக் குறிக்கும் சொல்லுக்குள் மட்டுமே இடம்பெறுகிறான்.

நற்றிணை 40ஆம் பாடலில், மகப்பேறுற்ற தலைவி கண்ணயர்ந்திருக்க, செவிலியுடன் புதல்வன் துயில, நள்ளிரவில் தலைவன் கள்வனைப் போல் தன் இல்லத்திற்கு வருகிறான். கூறுபவள் பரத்தை. அவ்வருகைக்கு அவள் காட்டும் காரணம், பெயரன் பிறந்தான் என்பதே. தலைவியின் அழகோ ஊடலின் தணிவோ காரணமாகக் கூறப்படவில்லை. பிரிந்து சென்றவனை இல்லறத்திற்கு மீட்பது குடிமரபின் உரிமை. பரத்தையால் எதிர்கொள்ள இயலாத அவ்வுரிமையின் அடையாளமே பாட்டனின் பெயர்.

ஐங்குறுநூறு 403ஆம் பாடலில் இச்சொல் கனிவு பெறுகிறது. சிறுதேர் உருட்டித் தளர்நடையிடும் புதல்வன்மேல், காதலியின்மேல் உள்ளதினும் தலைவனுக்கு அன்பு மிகுகிறது. இங்கும் புதல்வன் தலைவனுடைய தந்தையின் பெயரன். 'செவிலி கூற்றுப் பத்து' என்னும் பகுதியில் அமைந்த இப்பாடலில், தலைவியின் மனையறத்தைக் கண்டுவந்த செவிலி அதனை நற்றாய்க்கு உரைக்கிறாள். கேட்பவள் தாய்வழிப் பாட்டி. சொல்லில் இடம்பெறுபவனோ தந்தைவழிப் பாட்டன். தாய்வழிப் பாட்டன் குறித்துப் பாடல் எதுவும் கூறவில்லை. பெற்று வளர்த்தோர்க்கு மகளின் இல்லற நிறைவைப் புலப்படுத்தும் நற்செய்தியே, அவள் மற்றொரு குடிக்கு உரியவளாகிவிட்டதையும் உணர்த்துகிறது.

எனவே இவ்விரு பாடல்களிலும் 'பெயரன்' என்பது பாட்டனின் உணர்வைக் காட்டும் சொல்லன்று. புதல்வனை யாருடைய குடிக்கு உரியவனாகக் கருதினர் என்பதை அறிவிக்கும் சொல். மகள்வயிற்றுப் பிள்ளையையும் 'பேரன்' என அழைக்கும் இன்றைய வழக்கில் அவ்வரையறை இல்லை. பாட்டன் பெயரைத் தாங்காதவனும் பேரனே. இன்றைய சொல்லின் விரிந்த பொருளைப் பழம்பாடல்களின்மேல் ஏற்றினால், அவற்றில் மறைந்துபோன தாய்வழிப் பாட்டனை நாமும் காணத் தவறுவோம். உறவுப்பெயர்களைப் பண்பாட்டுச் சான்றாகக் கொள்ளும் ஆய்வு, சொல் யாரைக் குறிக்கிறது என்பதோடு யாரை விடுக்கிறது என்பதையும் கேட்க வேண்டும்.