பாளையத்தின் நல்லெண்ணம்: ‘பென்டகனை விற்றல்’ ஆவணப்படம் பற்றிய ஒரு மதிப்பீடு

ஒரு நாட்டின் படைத்துறை தன் குடிமக்களோடும் செய்தியாளரோடும் எவ்வாறு உறவாடுகிறது என்னும் பொருள் இறையியல் ஏட்டிற்கு ஏற்றதோ என வாசகர் சிலர் ஐயுறக்கூடும். நீதியான போர் எது, கிறிஸ்தவன் படைக்கலம் ஏந்தலாமா என்பன பற்றி நம்மவர் ஓரளவு எழுதியுள்ளனர். போரைப் பற்றி மக்களிடம் பேசுவதையே தொழிலாகக் கொண்ட அலுவலகத்தைப் பற்றி எழுதினோர் அரியர். பொய்ச்சாட்சியை விலக்கும் கட்டளை நம் எண்ணிக்கையில் ஒன்பதாவது, லுத்தரன் சகோதரரின் எண்ணிக்கையில் எட்டாவது. எவ்வாறு எண்ணினும், அக்கட்டளை மிகுதியாகச் சோதிக்கப்படும் இடங்களுள் இவ்வலுவலகமும் ஒன்று என்பதில் ஐயமில்லை.

இதனை முன்னிட்டே, 1971-ஆம் ஆண்டு பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சி நிறுவனம் ஒளிபரப்பிய ‘பென்டகனை விற்றல்’ என்னும் ஆவணப்படத்தை இங்கு ஆராய்கிறோம். இதனை எழுதித் தயாரித்தவர் பீட்டர் டேவிஸ். செய்தியாளராகத் தோன்றி விளக்கம் கூறுபவர் ராஜர் மட். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் செனட்டர் ஃபுல்பிரைட் இதே பொருள்பற்றி நூலொன்று வெளியிட்டிருந்தார். நூல் சொன்னதை வீட்டுக் கூடத்தில் அமர்ந்து கண்ணால் காணும்படி செய்தது இப்படம்.

படம் காட்டுவது யாது? பொதுமக்கள் வரிசையாக அமர்ந்து பார்க்க, பீரங்கியும் துப்பாக்கியும் முழங்கும் காட்சிப் பயிற்சி. சிறுவர் முன்னிலையில் வீரர் செய்துகாட்டும் கைகலப்புச் சண்டை. பின்னர் அச்சிறுவரே ஒருவரையொருவர் பற்றி அதனைச் செய்து பார்க்கும் காட்சி. தொழிலதிபரும் ஊர்ப் பெரியோரும் படைத்தளங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டு உபசரிக்கப்படும் சுற்றுலாக்கள். இலினாய் மாநிலத்துப் பியோரியா நகரில் குடிமக்கள் முன் கர்னல்கள் நிகழ்த்தும் சொற்பொழிவுகள். வெளியுறவுக் கொள்கைபற்றிப் படையினர் பொதுமேடையில் பேசலாகாது என்னும் விதி இருக்க, அவர்கள் அதனையே பேசுகின்றனர் என்று மட் சுட்டுகிறார். பின்னர், புகழ்பெற்ற நடிகர்கள் தோன்றும் படைத்துறைப் படங்களிலிருந்து சில பகுதிகள். அரசு தன் கொள்கையை அமைதியான சகவாழ்வு என மாற்றிக்கொண்டு ஆண்டுகள் பல சென்ற பின்னரும், பழைய அச்சமூட்டும் படங்கள் ஊரூராய்ச் சுற்றிவந்தன என்பது அவர் குற்றச்சாட்டு. மக்கள் தொடர்புக்கென அரசு ஒப்புக்கொண்ட ஆண்டுச் செலவு 3 கோடி டாலர். உண்மையில் அது 19 கோடியாகலாம் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டதையும் படம் எடுத்துரைக்கிறது.

இவற்றையெல்லாம் ஒருங்கே காண்பது பயனுடையது. மக்களின் வரிப்பணம் மக்களின் மனத்தை மாற்றவே செலவிடப்படுகிறது என்னும் முரண்பாட்டை இத்துணைத் தெளிவாகக் காட்டிய படம் அதற்கு முன் வந்திருக்குமா என்பது ஐயமே. ஆயினும் படம் எங்கே தன் கண்ணை நிறுத்துகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். முழக்கம் உள்ள இடத்தில் நிற்கிறது; முழக்கமற்ற இடத்தை விரைந்து கடக்கிறது. பென்டகனின் அன்றாடச் செய்தியாளர் கூட்டத்திற்குச் சிறிது நேரமே கிடைக்கிறது. அலுவலர் ஒருவர் செய்தியாளரைப் பெயர்சொல்லி அழைக்கிறார், அவர் கேட்கிறார், இவர் பணிவோடு, ஒன்றும் சொல்லாமல், விடை சொல்கிறார். உண்மையில் பொருள் செறிந்த இடம் இதுவே என்பது நம் கருத்து.

திருமறையில் இதற்கு இணையான பகுதியொன்று உண்டு. முதலாம் இராஜாக்கள் 22-ஆம் அதிகாரத்தில் ஆகாபும் யோசபாத்தும் ராமோத்தின்மேல் போருக்குப் புறப்பட எண்ணுகின்றனர். 400 தீர்க்கதரிசிகள் ஒரே குரலாக வெற்றி கூறுகின்றனர். சிதேக்கியா இரும்புக் கொம்புகளைச் செய்துகொண்டு வந்து நடித்தே காட்டுகிறான். இதனைக் காட்சிப் பயிற்சி என்னலாம். ஆனால் மிகாயாவை அழைக்கப் போன தூதன் ஒருவன் இருக்கிறானே, அவனைப்பற்றி நாம் அதிகம் பிரசங்கிப்பதில்லை. அவன் அச்சுறுத்தவில்லை. மற்றவர்கள் யாவரும் அரசனுக்கு நலமானதையே கூறிவிட்டனர், தாங்களும் அவ்வாறே கூறினால் நன்று என்று வழியிலேயே நயமாக எடுத்துரைக்கிறான். அவன் மிகாயாவிற்குப் பகைவன் அல்லன், நன்மையே எண்ணியிருக்கக்கூடும். கொம்புகளைக் காட்டிலும் ஆபத்தானவன் அவன்தான். கொம்பைக் கண்டு ஒருவர் நகைத்துவிடலாம். நல்லெண்ணத்தோடு உடன் நடந்துவருபவரிடம் மாறாகப் பேசுவதோ கடினம்.

படைத்துறைச் செய்தி அலுவலரின் கலை இதுவே. இடர் வரும் முன்னரே உறவை வளர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அத்தொழிலில் முதற்பாடம். படைத்தளத்தை அடுத்த ஊரின் நகரத் தலைவர், பள்ளித் தலைமையாசிரியர், நாளேட்டு ஆசிரியர் ஆகியோரை அறிந்திருக்க வேண்டும். விமான இரைச்சல்பற்றி முறையீடு வந்தால் உடனே பதிலளிக்க வேண்டும். வெள்ளக் காலத்தில் உதவ வேண்டும். இவற்றில் குற்றம் காண்பதற்கில்லை. தளத்தில் வாழும் குடும்பங்களும் அவ்வூர் மக்களே. தங்கள் பிள்ளைகளை அனுப்பியும் வரி செலுத்தியும் படையைத் தாங்கும் மக்களுக்கு, அதன் நிலையை அறியும் உரிமை உண்டு. படத்தில் தோன்றும் பாதுகாப்புத்துறைத் துணைச்செயலர் டேனியல் ஹென்கின் கூறுவதும் இதுவே. அது சரியான கூற்று. வினா வேறிடத்தில் எழுகிறது. இவ்வாறு வளர்த்த உறவு, கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்கும் நாளில் என்ன ஆகிறது? அன்று அது கேள்விக்கு இடமளித்தால் நட்பு. கேள்வியை நாணச் செய்தால் முன்கூட்டியே வாங்கிவைத்த மௌனம். இப்பாகுபாட்டைப் படம் செய்யவில்லை. விற்பனை என்னும் ஒரே சொல்லால் யாவற்றையும் மூடிவிடுகிறது.

இதன் விளைவு எத்துணைக் கொடியதாகலாம் என்பதற்கு மைலாய் நிகழ்ச்சியே போதும். 1968 மார்ச் 16 அன்று அச்சிற்றூரில் அமெரிக்க வீரர் கொன்ற சிவிலியர் 347 பேர் என அமெரிக்கப் படையும், 504 பேர் என வியட்நாமியரும் கணக்கிட்டனர். அன்று படை வெளியிட்ட அறிக்கை, பகைவர் 128 பேர் மடிந்தனர், 3 ஆயுதங்கள் கைப்பற்றப்பட்டன என்றது. நாளேடுகள் வெற்றிச் செய்தியாக வெளியிட்டன. 128 உடல்களுக்கு 3 துப்பாக்கிகள்! எண்ணத் தெரிந்த எவரும் கேட்டிருக்கலாம். சைகோனில் மாலைதோறும் நடந்த செய்திக் கூட்டத்தைச் செய்தியாளரே ‘ஐந்துமணிக் கேலிக்கூத்து’ என்று எள்ளிவந்தனர் என்பதையும் இங்கு நினைக்கவேண்டும். எள்ளினர், ஆயினும் எண்களை அனுப்பினர்.

அன்று அவ்வூரில் படைத்துறையின் செய்திப் பிரிவைச் சேர்ந்த இருவர் இருந்தனர்: ஒருவர் எழுதுபவர், மற்றவர் ரொனால்டு ஹேபர்ல் என்னும் நிழற்படக்காரர். ஹேபர்லிடம் படைக்குரிய கறுப்பு வெள்ளைக் கேமராவும், தமக்குச் சொந்தமான வண்ணக் கேமராவும் இருந்தன. படைக்குரிய கேமராவின் படங்கள் அலுவலகம் சென்றன. அவற்றில் கொலை இல்லை. வண்ணப் படங்கள் அவரிடமே இருந்து, 1969 நவம்பரில் கிளீவ்லாந்து நாளேட்டில் வெளியாகி உலகை உலுக்கின. ஒரே மனிதர், ஒரே நாள், இரண்டு கேமராக்கள். செய்தி அலுவலகம் என்னும் அமைப்பைப்பற்றி இதைவிடத் தெளிவாக எதையும் கூற இயலாது. அங்கே பொய் சொல்லும்படி எவரும் ஆணையிட்டாக வேண்டியதில்லை. எந்தப் படம் எந்த உறைக்குள் போகும் என்பதைப் பணியாளர் தாமே அறிந்திருந்தனர்.

இனி, படத்தின் பெருங்குறைக்கு வருவோம். பொருட்காட்சிகளிலும் கடைத்தெருக்களிலும் ஆயுதங்களைக் காட்சிக்கு வைப்பதன் நோக்கம் யாது என மட் கேட்கிறார்; ஹென்கின் விடையளிக்கிறார். ஒளிபரப்பில் நாம் கேட்கும் விடை அவர் அவ்வினாவிற்கு அளித்த விடையன்று. இக்காட்சிகள் ஆள்சேர்ப்பிற்கும் துணையாகின்றன என்று அவர் கூறிய பகுதி வெட்டப்பட்டது. வேறொரு வினாவிற்கு அளித்த விடையின் பகுதி கொண்டுவந்து ஒட்டப்பட்டது. பியோரியாவில் பேசிய கர்னல் ஜான் மக்னீலின் சொற்பொழிவிலோ, வெவ்வேறிடத்துச் சொற்றொடர்கள் தொடர்ச்சியாகப் பேசப்பட்டவைபோல் இணைக்கப்பட்டன. அவற்றுள் லாவோஸ் நாட்டுப் பிரதமர் சுவன்னா பூமாவின் கூற்றாக அவர் எடுத்துக்காட்டியது அவருடைய சொந்தக் கூற்றாகவே ஒலித்தது.

நேரம் குறைவு, சுருக்கியாக வேண்டும், பொருள் மாறவில்லை என்று படத்தின் ஆதரவாளர் வாதிட்டனர். இவ்வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை. வெட்டியது எதனை என்று பாருங்கள். ஆள்சேர்ப்பிற்கும் உதவுகிறது என்பது ஒளிவுமறைவற்ற ஒப்புதல். படத்தின் வாதத்திற்கே அது வலுச்சேர்த்திருக்கும்! அதனை நீக்கியதால் ஹென்கின் வினாவிற்கு நேர்விடை தராது வழுவுபவராகத் தோற்றமளிக்கிறார். வழுவும் அலுவலர் என்னும் உருவம் இயக்குநர் மனத்தில் முன்னமே இருந்தது. ஹென்கின் அதற்குள் வெட்டிப் பொருத்தப்பட்டார். எதிராளியின் சொல்லை அவரே ஒப்புக்கொள்ளும் வகையில் எடுத்துரைத்த பின்னரே மறுக்கத் தொடங்கவேண்டும் என்பது இறையியல் வாதத்தில் நாம் மாணவர்க்குக் கற்பிக்கும் ஒழுங்கு. மறைமண்டல ஆலோசனைச் சங்கக் கூட்டங்களில் அது எந்த அளவு பேணப்படுகிறது என்பது வேறு விஷயம்.

அரசினர் இக்குறையைப் பற்றிக்கொண்டதில் வியப்பில்லை. துணைக் குடியரசுத் தலைவர் ஆக்னியூ படத்தைத் தாக்கினார். மார்ச் 23 அன்று நிறுவனம் படத்தை மறுபடி ஒளிபரப்பி, எதிர்ப்பாளர் கூற்றுகளையும் தன் மறுமொழியையும் அதனுடன் சேர்த்தது. பின்னர், பிரதிநிதிகள் சபைக் குழுவின் தலைவர் ஹார்லி ஸ்டாகர்ஸ், ஒளிபரப்பாகாத பகுதிகளையும் ஒப்படைக்குமாறு ஆணை அனுப்பினார். நிறுவனத் தலைவர் பிராங்க் ஸ்டான்டன் மறுத்தார். அவமதிப்புக் குற்றம் சாட்டக் குழு 25-க்கு 13 என முடிவு செய்தது. ஆனால் ஜூலை 13 அன்று சபை 226-க்கு 181 என்னும் வாக்கில் அதனைக் குழுவிற்கே திருப்பி அனுப்பியது. ஸ்டான்டன் மறுத்தது சரியே. படத்தொகுப்பில் நேர்ந்த தவற்றைத் திருத்தும் அதிகாரத்தை, படத்தால் குற்றஞ்சாட்டப்பட்ட அரசிடமே ஒப்படைப்பது நோயினும் கொடிய மருந்தாகியிருக்கும். அதே ஆண்டில் நிறுவனம் பேட்டிகளைத் தொகுக்கும் விதிகளைத் தானே இறுக்கிக்கொண்டது. படம் நன்மை விளைத்த இடங்களுள் இதனையும் சேர்க்கவேண்டும் என்பது விந்தைதான்.

படைத்துறையோ வேறு பாடம் கற்றது. 2003-ஆம் ஆண்டு ஈராக் போரில் 600-க்கு மேற்பட்ட செய்தியாளரைப் படைப்பிரிவுகளுக்குள்ளேயே சேர்த்து அனுப்பியது. அவர்கள் வீரரோடு உண்டனர், உறங்கினர், அவர்களாலேயே காக்கப்பட்டனர். எழுதியதில் பெரும்பகுதி கண்ணாரக் கண்டதே. ஆயினும் தன் உயிரைக் காப்பவனைக் குறித்து ஒருவர் எத்துணைக் கடுமையாக எழுத முடியும்? மிகாயாவின் தூதனுக்கு இப்போது ஊர்தியும் உணவும் கிடைத்துவிட்டன. அடுத்த ஆண்டு, 2004 ஏப்ரல் 22 அன்று, கால்பந்து ஆட்டத்தில் பெயர்பெற்றிருந்த பாட் டில்மன் ஆப்கானிஸ்தானில் மாண்டார். பகைவர் சுட்டு வீழ்ந்தார் என்று படை அறிவித்தது. வீரப் பதக்கம் வழங்கியது. மே 3 அன்று நினைவுக்கூட்டத்தில் அக்கதையே கூறப்பட்டது. தம் படையினரின் குண்டே அவரைக் கொன்றது என்பது படையினருள் சிலருக்குச் சில நாட்களிலேயே தெரிந்திருந்தும், குடும்பத்தார் அறிந்தது மே மாத இறுதியில். அவர் தாயார் ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டேயிருந்தார். 2007-இல் காங்கிரஸ் குழுவொன்று விசாரித்தது. நினைவுக்கூட்டத்தில் நின்று பேசுவது போதகரின் அன்றாடப் பணி. சவப்பெட்டியின் முன் கூறப்படும் சொல்லுக்கு எத்துணை எடை உண்டு என்பதை நம்மவருக்கு விளக்கவேண்டியதில்லை.

பீட்டர் டேவிஸ் 1974-இல் எடுத்த ‘இதயங்களும் மனங்களும்’ இதனினும் புகழ்பெற்றது; ஆஸ்கர் பரிசும் பெற்றது. எனினும் ஊடக அறநெறி வகுப்பிற்குத் தேர்ந்துகொள்ளத்தக்கது முந்தைய படமே. ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓடும். ஆசிரியர் முழுவதையும் முதலில் இடையீடின்றிக் காட்டட்டும். மாணவர் படைத்துறைமீது கொள்ளும் சினம் தணியும் முன்னரே, ஹென்கின் கூறிய விடை முழுவதையும் படித்துக் காட்டி, அப்பகுதியை மறுபடி ஓடவிடட்டும். அதன்பின் வகுப்பில் எழும் உரையாடலுக்கு இரு பாடவேளைகளேனும் ஒதுக்குதல் நலம்.