ஜிஎஸ்டி ‘புளுவு’ ஆன கதை

காரைக்கால் பாரதியார் சாலையில் இருக்கும் எங்கள் சின்ன ஆபீஸில் ஒரு கம்ப்யூட்டர்கூட விண்டோஸ் 11-க்கு லாயக்கில்லை. விண்டோஸ் 10-க்கோ 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான ஆதரவு முடிந்தது. நன்றாக ஓடுகிற பெட்டியைக் காயலான் கடைக்குப் போட மனம் வராமல் லினக்ஸ் மின்ட் 22 போட்டோம். வாரக்கணக்காக அதில்தான் கடிதம், பில், வாடகைப் பத்திரம் எல்லாம். வேகம், விலை, வைரஸ் பயமின்மை எல்லாம் ஊரே சொல்லிவிட்டது, விடுங்கள். பிரின்டர் சொருகியதும் வேலை செய்தது. டேலிக்கும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கும் மட்டும் மூலையில் ஒரு விண்டோஸ் பெட்டியை விட்டுவைத்திருக்கிறோம்.

என்னைப் படுத்தி எடுத்தது பாமினி.

டெல்டாவில் எந்த டிடிபி கடைக்கோ வக்கீல் ஆபீஸுக்கோ போங்கள், பழைய தமிழ்க் கோப்பு பாமினியில் இருக்கும், இல்லையென்றால் வானவில்லில். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை உட்காரவைத்த எழுத்துருக்கள் இவை. எழுத்துரு இல்லாத பெட்டியில் திறந்தால் ‘அம்மா’கூட எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று பல்லிளிக்கும். எழுத்துருவை மின்டில் நிறுவினால் கண்ணுக்குத் தமிழ் தெரிகிறது. ஆனால் யூனிகோடில் ஒரு பெயரை அடித்துத் தேடினால் அந்தக் கோப்பு அகப்படாது.

சரி, யூனிகோடுக்கே மாற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன். ‘ஓப்பன் தமிழ்’ என்ற பைத்தான் நூலகத்தில் அதற்கான மாற்றி இருக்கிறது. கட்டற்ற மென்பொருள், காசு கிடையாது. முழுக்கத் தமிழில் உள்ள கோப்பென்றால் நொடியில் மாறிவிடுகிறது. நம் ஆபீஸ் கடிதம் எங்கே முழுக்கத் தமிழில் இருக்கிறது? நடுவில் ஆங்கிலத்தில் அடித்த ஜிஎஸ்டி, ‘புளுவு’ ஆகிவிட்டது. டிமாண்ட் டிராஃப்ட்டின் டிடி, ‘னுனு’. எந்தத் துண்டு எந்த எழுத்துருவில் இருந்தது என்ற தகவல், வெறும் உரையாக எடுத்த உடனேயே உதிர்ந்துபோகிறது. மாற்றி என்ன செய்யும், பாவம். லினக்ஸ் மேலும் பழி இல்லை. அதற்காக எரிச்சல் குறைந்துவிடவும் இல்லை.

யூனிகோடும் லினக்ஸும் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக அறிவித்தது. அதற்கும் முன்பே, உமாசங்கர் ஐஏஎஸ் நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில், அந்த அரசின் எல்காட் நிறுவனம் சூசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபீஸுக்கும் மாறியது. 2011-இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸுக்குப் பக்கத்தில் சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் இருந்தது. வாஞ்சூர் எல்லை தாண்டினால் நாகூர்ப் பிள்ளைகள் கையில் அந்த லேப்டாப் இருந்தது. நாம் புதுச்சேரி ஆட்சியில் இருப்பதால் அந்தத் திட்டம் நமக்கில்லை. (வாங்கியவர்களில் எத்தனை பேர் பாஸைத் திறந்தார்கள் என்று கேட்காதீர்கள்.)

எதிர்பாராத சந்தோஷம் எங்கள் டைப்பிஸ்ட் அக்காவால் வந்தது. தமிழ்த் தட்டச்சில் ஹையர் பாஸ் செய்தவர். தமிழ்99 விசைப்பலகை பழகுங்கள் என்றதற்கு, “இந்த வயசுல விரலுக்குப் புதுப் பாடமா தம்பி?” என்றார். மின்டில் ஐபஸ்ஸும் எம்17என் பொதியும் நிறுவினால் தமிழ்99-க்குப் பக்கத்திலேயே பழைய தட்டச்சுப் பலகையும் இருக்கிறது! சில சாவிகள் இடம் மாறியதற்கு முணுமுணுத்தார். பிறகு பழைய வேகம் வந்துவிட்டது. விரல் போகிற வழி பழையது, திரையில் விழுவது யூனிகோடு. கோப்புக்கே ‘திருநள்ளாறு வாடகை’ என்று தமிழில் பெயர் வைக்கிறார், தேடினால் உடனே வருகிறது. அதே பெட்டியில் நான் தமிழ்99-க்கு மாற்றிக்கொள்கிறேன். ம-வை இரண்டு தரம் தட்டினால் புள்ளி தானாக விழும் சுகத்தை நான் விடமாட்டேன்.

லதா எழுத்துருவில் வெளியிலிருந்து வரும் கடிதங்கள் மட்டும், அந்த எழுத்துரு மின்டில் இல்லாததால், இங்கே ஒரு பக்கத்துக்கு மேல் வழிகின்றன. பிடிஎஃப் ஆக அனுப்பச் சொல்லிவிட்டோம்.

லினக்ஸ் போடலாமா என்றால், தாராளமாகப் போடலாம். பழைய கோப்புகளை மட்டும் மொத்தமாக மாற்றியில் கொட்டாதீர்கள். லிப்ரே ஆபீஸ் ரைட்டரின் தேடல் பெட்டியில் எழுத்துருவை வைத்தும் தேடலாம். பாமினித் துண்டுகளை மட்டும் பிடித்து மாற்றுங்கள், அதுவும் தேவைப்படும் கோப்பு தேவைப்படும் அன்றைக்கு.