தேய்ந்த மூக்கின் அழகு

கொலுப்படியில் முதல் இடம் பல வீடுகளில் மரப்பாச்சிக்குத்தான். ஒற்றைக் கட்டையில் செதுக்கிய ஆணும் பெண்ணும். கைகள் விலாவோடு ஒட்டியிருக்கும், கால்கள் பீடத்தோடு. பண்ருட்டியிலிருந்து வரும் காகிதக்கூழ் பொம்மைகள் சுற்றிலும் பளபளக்க, நடுவில் இந்த ஜோடி மட்டும் கறுகறுவென்று நிற்கும். கல்யாணச் சீரில் பெண்ணோடு புகுந்த வீட்டுக்கு வந்து, தலைமுறை தாண்டியவை இவற்றில் நிறைய.

மரப்பாச்சியின் இந்தக் கறுப்பு சாதாரண விஷயமல்ல. அமெரிக்காவில் பழைய கறுப்புக் குழந்தைப் பொம்மைகளைத் தேடிச் சேர்ப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு அது வெறும் பொழுதுபோக்கு அல்ல. 1940களில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற உளவியல் தம்பதி, நிறம் தவிர வேறு வித்தியாசமில்லாத பொம்மைகளைக் கறுப்பினக் குழந்தைகளிடம் காட்டி எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைத்தான் காட்டின. அன்று கறுப்புப் பொம்மை என்று விற்றவற்றில் பலவும் வெள்ளைப் பொம்மையின் அச்சில் நிறத்தை மட்டும் மாற்றி வார்த்தவை. லாஸ் ஏஞ்சலிஸின் ஷிண்டானா நிறுவனம் 1968இல் கொண்டுவந்த ‘பேபி நான்சி’ வேறு ரகம். முகவெட்டே கறுப்பினக் குழந்தையுடையது. 2020இல் அமெரிக்கத் தேசியப் பொம்மைப் புகழ்க்கூடத்தில் அவளுக்கு இடம் கிடைத்தது.

நம் ஊர்க் கடைகளிலும் கண்ணை மூடித் திறக்கும் பிளாஸ்டிக் பாப்பா ரோஸ் நிறத்தில்தான் தொங்குகிறது. அந்தக் கணக்கில் பார்த்தால், இங்குள்ள குழந்தையின் நிறத்தில் வீட்டிலேயே இருந்த பொம்மை மரப்பாச்சி. இப்போது அதற்கும் வெளிர்நிறப் பெயிண்ட் அடித்து விற்கிறார்கள். பட்டுத்துணி கட்டலாம், சரிகை சுற்றலாம், அதெல்லாம் பழைய வழக்கம்தான். முகத்துக்குப் பெயிண்ட் அடிப்பது மட்டும் ரசனைக்கேடு.

நல்ல பழைய மரப்பாச்சியைக் கண்டுபிடிக்கக் கை போதும். செம்மரமோ கருங்காலியோ, கனம் உள்ளங்கையில் தெரியும். செம்மரத்தின் வைரக்கட்டை தண்ணீரில் மூழ்கும். லேசாக இருந்தால் ஏதோ மரத்தில் சாயம் ஏற்றியது. அடுத்து தேய்மானம். மூக்கு, கன்னம், தோள் என்று மேடான இடங்கள் வழவழவென்று மழுங்கியிருக்க வேண்டும். கொண்டை மடிப்பிலும் பாவாடைக் கோடுகளிலும் உளி பட்ட கூர்மை மிச்சமிருக்க வேண்டும். எல்லா இடமும் ஒரேயடியாக மழுங்கியிருந்தால் அது உப்புத்தாள் செய்த வேலை. குழந்தை கடித்த பல்தடம் இருந்தால் கூடுதல் மதிப்பு. பொம்மையைச் சந்தனக்கல்லில் இழைத்து வீக்கத்துக்குப் பற்றுப்போட்ட பாட்டிகளும் உண்டு. அப்படி இழைத்த பொம்மையில் ஒரு பக்கம் தட்டையாகியிருக்கும். அதைக் குறை என்று தள்ளுபவர் சேகரிக்காமல் இருப்பதே மேல்.

ஆனால் ‘அசல் செம்மரம்’ என்ற மோகத்துக்கு ஒரு விலை இருக்கிறது, அதைக் கள்ளக்குறிச்சிப் பக்கம் நன்றாகவே அறிவார்கள். செம்மரம் இயற்கையாக வளர்வது ஆந்திரத்தின் சேஷாசலம் போன்ற கிழக்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில். அனுமதியின்றி வெட்டுவதும் கொண்டுசெல்வதும் குற்றம். கல்வராயன், ஜவ்வாது மலைகளிலிருந்து கூலிக்காக வெட்டப்போய்ச் சிறைப்பட்டவர்கள் ஏராளம். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலத்தில் ஆந்திரக் காவல்துறையினர் சுட்டதில் இறந்த 20 பேரும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள். வெட்டிய கட்டைகள் பெரும்பாலும் போவது பொம்மைக்கு அல்ல, வெளிநாட்டுச் சந்தைக்கு. இருந்தாலும், புதுக்கட்டையில் செம்மர மரப்பாச்சி வேண்டும் என்று கேட்பவர், கட்டை எங்கிருந்து வந்தது என்றும் கேட்டாக வேண்டும்.

இத்தனைக்கும் உளி பிடிக்கத் தெரிந்த கைகள் மலையடிவாரத்திலேயே இருக்கின்றன. கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021இல் புவிசார் குறியீடு பெற்றது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம் வட்டாரப் பட்டறைகளில் வாகையிலும் மாவிலும் தேக்கிலும் சாமி சிலைகள், கதவு நிலைகள், கோயில் வாகனங்கள் உருவாகின்றன. பிள்ளையாருக்குத் தும்பிக்கை வளைக்கிற கைக்கு மரப்பாச்சி ஒரு பொருட்டே அல்ல.

பரணில் பழைய ஜோடி இருந்தால் மூக்கை ஒட்டவைக்காமல், பாலிஷ் போடாமல், துடைத்து மட்டும் வையுங்கள். புதிது வேண்டுமென்றால் கள்ளக்குறிச்சிப் பட்டறையில் வாகையில் செய்யச் சொல்லுங்கள். பெயிண்ட் வேண்டாம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.