பீர் டப்பாவும் பிளந்த எஞ்சினும்: பிர்சிக் மீது ஒரு சிறு வழக்கு

ராபர்ட் பிர்சிக் 1974ல் வெளியிட்ட ‘ஜென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார்சைக்கிள் மெயின்டனன்ஸ்’ புத்தகத்தைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் அதன் தத்துவத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். ‘குவாலிட்டி’ என்றால் என்ன, கிளாசிக்கல் மனம், ரொமான்டிக் மனம், ப்ளேட்டோ, இன்னபிற. எனக்கு அதிலெல்லாம் பெரிய தகராறு கிடையாது. ஆனால், தலைப்பிலேயே மோட்டார்சைக்கிள் என்று போட்டுவிட்ட மனிதரின் ரிப்பேர் வேலைகளையும் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும், இல்லையா?

உரைகல்லாக நான் எடுத்துக்கொள்வது ஒரு சில்லறை விஷயம். எஞ்சின் கேஸில் விழுந்த விரிசலை எபாக்சி பசை போட்டு அடைப்பது. தத்துவவாதிகள் எழுந்து போய்விடலாம், பாதகமில்லை.

முதலில், புத்தகத்தில் இருக்கும் நான்கு காட்சிகள்.

ஒன்று: கதைசொல்லியின் வண்டி சூடாகிப் பிடித்துக்கொள்கிறது. பட்டறையில் விடுகிறார். ரேடியோ அலறும் அந்த இடத்தில் ஒரு பையன், ஸ்பேனரால் சாதாரணமாகக் கழற்றக்கூடிய அலுமினிய மூடியை உளியும் சுத்தியலும் வைத்து அடிக்கிறான். உளி மூடியைப் பொத்துக்கொண்டு போகிறது. அடுத்த அடியில் குளிர்விக்கும் ஃபின்களும் உடைகின்றன. கடைசியில் பார்த்தால் மூலகாரணம் 25 சென்ட் பெறுமானமுள்ள ஒரு பின். அது முறிந்ததால் வேகத்தில் போகும்போது எண்ணெய் மேலே ஏறவில்லை.

இரண்டு: நண்பர் ஜானின் பிஎம்டபிள்யூ வண்டியில் ஹேண்டில்பார் நழுவுகிறது. பீர் டப்பாவின் தகட்டை வெட்டி இடையில் ஷிம்மாகச் சொருகலாம் என்கிறார் கதைசொல்லி. ஜானுக்கு முகம் சுருங்கிவிடுகிறது.

மூன்று: பக்கவாட்டு மூடியின் ஒரு திருகு இறுகி, அதன் தலை சிதைந்துவிட்டால் மொத்த வண்டியும் உதவாததாகிவிடுகிறது. திருகின் விலை என்னவானாலும், அந்த நிமிடத்தில் அதன் மதிப்பு வண்டியின் மதிப்பு.

நான்கு: செயின் கார்டு உடைந்ததும் ஒரு வயதான வெல்டரிடம் போகிறார். மெல்லிய தகட்டில் அந்த மனிதர் அற்புதமாகப் பற்றவைத்துவிட்டு ஒரு டாலர் கேட்கிறார்.

இந்த நான்கில் பீர் டப்பாதான் உலகப்புகழ் பெற்றது. அலுமினியத்துக்கு லேபிள் முக்கியமில்லை, அது என்ன செய்கிறது என்பதுதான் முக்கியம் என்பது பாடம். நல்ல பாடம். ஆனால் இந்தப் பாடத்தை ‘கையில் கிடைத்ததை வைத்து எதையும் சரி செய்துவிடலாம்’ என்று புரிந்துகொள்பவர்கள்தான் அதிகம். விரிசல் விட்ட க்ராங்க்கேஸில் எம்-சீலை அப்பிவிட்டு ‘அருமையா நிக்குது பாருங்க’ என்று வீடியோ போடுபவர்கள் வரை இந்தப் பரம்பரை நீள்கிறது.

ஷிம் ஏன் வேலை செய்கிறது? அதன் மேல் விழுவது அழுத்தம் மட்டுமே. இரண்டு பக்கமும் இரும்புப் பிடி நசுக்கிக்கொண்டிருக்கிறது. தகடு எங்கேயும் ஓட முடியாது. தேய்ந்துபோனால் ஹேண்டில்பார் பழையபடி கொஞ்சம் நழுவும், நமக்குத் தெரியும், மறுபடி ஒரு டப்பா வெட்டலாம்.

விரிசலில் இட்ட பசையின் கதை வேறு. எபாக்சி நசுக்குவதைத் தாங்கும், பக்கவாட்டில் இழுப்பதையும் ஓரளவு தாங்கும். ஓரத்திலிருந்து உரிப்பதைத் தாங்காது. விரிசலோ திறந்து மூட விரும்பும் ஜந்து. அதோடு சூடு. அலுமினியம் ஒரு டிகிரி செல்சியஸுக்கு, பத்து லட்சத்தில் சுமார் 23 பங்கு நீள்கிறது. எதுவும் கலக்காத எபாக்சி அதைப்போல இரண்டு மடங்கோ அதற்கு மேலோ நீளும். உலோகத்தூள் கலந்த வகைகளில் இந்த வித்தியாசம் குறையும், காணாமல் போகாது. அறைவெப்பத்தில் இறுகும் சாதாரண எபாக்சிகள் பல 50, 70 டிகிரி வாக்கிலேயே இளக ஆரம்பிக்கும். காற்றில் குளிரும் எஞ்சினின் எண்ணெய் 100 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தொடும். டெக்சாஸில் 1969ல் பிறந்த ஜே-பி வெல்டின் லேபிளில் 550 டிகிரி ஃபாரன்ஹீட் என்று போட்டிருக்கும். ‘அந்தச் சூட்டில் கருகாது’ என்பதும் ‘அந்தச் சூட்டிலும் அதே பலம்’ என்பதும் ஒன்றல்ல.

ஆக, கேட்க வேண்டிய கேள்வி ‘பசையா, வெல்டிங்கா’ என்பதே இல்லை. பாரம் எங்கே போகிறது என்பதுதான். கீழே விழுந்து கிளட்ச் கவரில் ஒரு கீறல் என்றால், உள்ளே தெறிக்கும் எண்ணெயைத் தடுத்து நிறுத்துவது மட்டும்தான் அதன் வேலை. நல்ல எபாக்சி வருடக்கணக்கில் நிற்கும். செயின் அறுந்து, முன் பல்சக்கரத்தில் சுருண்டு, பேரிங் உட்காரும் இடத்தைப் பிளந்திருந்தால் பசை ஆகாது. எஞ்சினைத் தாங்கும் போல்ட் காதுகள் உடைந்தாலும் அதே கதைதான். இங்கே தோற்றால் எண்ணெய் பின்டயரில் வழியும். அல்லது எண்ணெய் தீர்ந்து எஞ்சின் பிடித்துக்கொண்டு சக்கரம் பூட்டிக்கொள்ளும். முன்னெச்சரிக்கை கொடுத்துவிட்டு வருமென்று சொல்ல முடியாது.

‘அப்போ ஆர்கான் வெல்டிங் வச்சிரலாமே’ என்பீர்கள். அதுவும் எளிதல்ல. அலுமினியம் உருகுவது 660 டிகிரியில். அதன் மேல் படிந்திருக்கும் ஆக்சைடு தோல் உருகுவதோ 2000 டிகிரிக்கும் மேலே. வார்ப்பின் நுண்துளைகளில் பல வருட எண்ணெய் ஊறியிருக்கும். பற்றவைக்கும்போது அது கொதித்துக் குமிழ்விடும். சூட்டில் கேஸ் கோணி, கேஸ்கெட் உட்காரும் முகம் வளைந்தால் இன்னொரு தலைவலி. பிர்சிக்கின் வெல்டர் மகாகலைஞர்தான். ஆனால் அவருக்குக் கிடைத்தது செயின் கார்டு. எண்ணெய் குடித்த வார்ப்பு அலுமினியத்தை அவரிடம் கொடுத்திருந்தால் ஒரு டாலரில் முடிந்திருக்காது.

பிர்சிக் மீதான என் முதல் புகார் இதுதான். பொருளைப் பெயரால் பார்க்காதே, செயலால் பார் என்கிறார், சரி. ஆனால் அதே பொருள் ஒரு இடத்தில் மருந்தாகவும் இன்னொரு இடத்தில் விஷமாகவும் ஆவதைக் காட்டும் காட்சி எதையும் அவர் தேர்ந்தெடுக்கவில்லை. அவர் பெருமையாகச் சொல்லும் ரிப்பேர்கள் தோற்றாலும் பெரிதாக யாருக்கும் ஒன்றும் ஆகாது.

அவருக்குச் சாதகமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்து மெக்கானிக் ஒருவரிடம், ‘அண்ணே, எந்தப் பசை நல்லது?’ என்று ஒருமுறை கேட்டேன். ‘பசையில என்ன சார் இருக்கு? எண்ணெயத் துடைக்கறதுலதான் இருக்கு’ என்றார். விரிசலின் இரண்டு முனைகளிலும் சின்னத் துளை போட வேண்டும், இல்லாவிட்டால் அது பசைக்கு அடியிலேயே ஊர்ந்து போகும். விரிசல் நெடுக ‘வி’ வடிவத்தில் பள்ளம் எடுக்க வேண்டும். அசிட்டோனால் துடை, சூடு காட்டு, எண்ணெய் மறுபடி கசியும், மறுபடி துடை. உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, புது ஆக்சைடு தடிப்பதற்குள் பசையை அழுத்தி இடு. அப்புறம் ஒரு நாள் முழுக்க வண்டியைத் தொடாதே. இந்த மொத்த வேலையும் பசைக்கு அடியில் மறைந்துபோகும். நன்றாகச் செய்ததும் சோம்பேறித்தனமாகச் செய்ததும் வெளியிலிருந்து ஒரே மாதிரிதான் இருக்கும். சுத்தியல் பையனிடம் இல்லை என்று பிர்சிக் புலம்பும் அக்கறை, வேறெந்த ரிப்பேரையும்விட இதில்தான் அதிகம் தேவைப்படுகிறது. இந்த இடத்தில் கிழவர் சொன்னது நூற்றுக்கு நூறு.

இரண்டாவது புகார் கொஞ்சம் கனமானது. ஜான் மறுத்த பிறகு கதைசொல்லி ஒரு கற்பனையில் திளைக்கிறார்: தகட்டின் எழுத்துகளைச் சுரண்டிவிட்டு, இது ஜெர்மனியிலிருந்து வந்த விசேஷ ஷிம் என்று சொல்லியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பான்! பிறகு, இது வெறும் வன்மம் என்று அவரே உணர்ந்துகொள்கிறார். வன்மம் என்று பார்த்தவர், அதை ஏமாற்று என்று நின்று பார்க்கவில்லை. ஷிம் விஷயத்தில் அது சிரித்துவிட்டுப் போகக்கூடிய பொய்.

அதே பொய் பழைய வண்டிச் சந்தைக்கு வரும்போது சிரிக்க முடியாது. விரிசலில் பசை, பசை மேல் உப்புத்தாள், அதன் மேல் சில்வர் பெயின்ட். எழுத்தைச் சுரண்டிய அதே டப்பாதான். வாங்குபவர் யார்? புது வண்டிக்கு வழியில்லாமல், சேர்த்த காசைக் கொடுத்து, மறுநாளிலிருந்து அதில்தான் வேலைக்குப் போகப்போகிறவர். பின்னால் பிள்ளை உட்கார்ந்திருக்கும். பசை போட்டது குற்றமில்லை. கேஸ் மாற்றப் பணமில்லாதவர் வேறென்ன செய்வார்? அதை மறைத்ததுதான் குற்றம்.

பிர்சிக்கின் ‘குவாலிட்டி’ செய்பவருக்கும் பொருளுக்கும் இடையிலேயே பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ரிப்பேரில் மூன்றாவதாக ஒருவர் உண்டு: அடுத்து ஓட்டப்போகிறவர். அவரைக் கணக்கில் எடுக்காத அக்கறை, எவ்வளவு தியானமாகச் செய்யப்பட்டிருந்தாலும் பாதி அக்கறைதான்.

ஆகவே நான் வைத்திருக்கும் விதிகள் மூன்று. பாரம் தாங்கும் இடத்தில் பசை கிடையாது. பசை போட்ட இடத்தில் பெயின்ட் கிடையாது. கசிந்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டும். வண்டியை விற்கும்போது, விலை பேசுவதற்கு முன்னால், அந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டிவிட வேண்டும். விலை குறையும். குறையட்டும்.